நன்மை அண்ணன்

சாவியைத் திருகுவதற்கு முன் ஓட்டுநர் ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக் கண்ணை மூடுவார். முணுமுணுப்பெல்லாம் கிடையாது, பேருந்தின் கடைசி இருக்கை வரை கேட்கும் பிரார்த்தனை. "கடவுளே, என் பிரேக்கை நான் பாத்துக்கறேன். எதிர்ல வர்றவனை நீங்க பாத்துக்கங்க." புதிதாக ஏறியவர்கள் சிரிப்பார்கள். தினமும் வருகிறவர்கள் அது முடிந்த பிறகுதான் கம்பிப் பிடியைத் தளர்த்துவார்கள்.

பணிமனையில் அவருக்கு 'நன்மை அண்ணன்' என்று பெயர். டயர் பஞ்சரானால், "எல்லாம் நன்மைக்குத்தான்." மழையில் கூரை ஒழுகிச் சட்டை நனைந்தால், "நன்மைக்குத்தான், துவைக்கிற வேலை மிச்சம்." ஒருநாள் சாப்பாட்டு டப்பாவை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்தார். மற்ற ஓட்டுநர்கள் ஆளுக்கு ஒரு கை எடுத்து வைத்தார்கள். எல்லாருடையதையும் ஒரு பிடி பிடித்துவிட்டு, ஏப்பம் விட்டபடி அதையே சொன்னார். அன்றைக்கு யாராலும் மறுக்க முடியவில்லை.

பெரிய குரல். "அப்பா பேசறதுக்கு போன் எதுக்கு, ஜன்னல் போதும்" என்பாள் மகள். வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலும் பிரார்த்தனை உண்டு. இவர் சொல்லுவார், மனைவி ஒரு பாட்டுப் பாடி முடிப்பார். மனைவிக்கும் அதே பேருந்து நிலையத்தில்தான் வேலை. எந்த வண்டி எந்த நடைமேடையில் என்று ஒலிபெருக்கியில் அறிவிக்கும் குரல் அவருடையது. முகத்தைப் பார்க்கும் முன்பே அந்தக் குரலில் விழுந்துவிட்டவர் இவர். "அந்தக் குரல் 'போ'ன்னா போவேன், 'நில்லு'ன்னா நிப்பேன். கல்யாணத்துக்கு முன்னாடியே பழகிருச்சு" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

போன வருடம் மனைவியின் தொண்டையில் கட்டி வந்தது. அறுவை சிகிச்சை செய்தார்கள். உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் குரல் திரும்பாது, இனி கிசுகிசுப்பாகத்தான் பேச முடியும் என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். மனைவி தன் கழுத்தை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். இவர் போர்வையைச் சரிசெய்தபடி வழக்கம்போலச் சொன்னார்: "உசிரு தங்கிச்சே. எல்லாம் நன்மைக்குத்தான்."

மனைவி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்த பிறகும் இவர் பக்கம் திரும்பவில்லை. மகளிடம் காதோடு காதாகப் பேசுவார், பக்கத்து வீட்டுக்காரியிடம் சைகை காட்டிச் சிரிப்பார். கணவன் கேட்டால் தலையாட்டல் மட்டும். பிரார்த்தனை தொடங்கினால் எழுந்து பாத்திரம் கழுவப் போய்விடுவார். மனிதர் பயந்துபோனார். பயத்தில் இன்னும் கூடுதலாக ஆறுதல் சொன்னார். ஓய்வு கிடைத்தது, பஸ் புகையில் உட்கார்ந்திருக்க வேண்டாம், பேரப்பிள்ளையோடு இருக்கலாம். சொல்லச் சொல்ல அடுக்களையில் பாத்திரச் சத்தம்தான் கூடியது.

"அம்மாவுக்கு நம்பிக்கை போயிடுச்சோ?" என்று மகளிடம் கேட்டார்.

மகள் தன் குழந்தைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். சீப்பை நிறுத்தாமலே சொன்னாள்: "நம்பிக்கையெல்லாம் எங்கயும் போகலப்பா. அவங்க அழ ஆரம்பிக்கிறதுக்குள்ள நீங்க ஆறுதல் சொல்லி முடிச்சிட்டீங்க. பாவம், அவங்க எப்ப அழறது?"

"நல்லதுதானேம்மா சொன்னேன்?"

"சொல்றது ஈசி. உங்க குரல் உங்ககிட்டதானே இருக்கு."

சுருக்கென்றது. வளர்த்த கடா மார்பில் பாய்ந்ததாக நினைத்துக்கொண்டு, மறுநாள் கோபத்தோடுதான் வேலைக்குப் போனார். நிலையத்தில் புது அறிவிப்பாளர் இவருடைய வண்டி கிளம்பும் நேரம் என்று அறிவித்தார். இளம் குரல், தெளிவான குரல், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஸ்டியரிங்கில் கை வைத்தவருக்கு வாய் திறக்கவில்லை. அந்தப் பழைய குரல் தனக்கும்தான் போய்விட்டது என்பது அப்போதுதான் உறைத்தது.

"என்ன தம்பி, இன்னிக்கு சொல்லலியா?" என்றார் முன் இருக்கைப் பெரியவர்.

"நீங்களே சொல்லிக்கங்கய்யா" என்று வண்டியை எடுத்தார்.

அன்று மாலை சாப்பாட்டு மேசையில், மனைவி எழுந்திருக்கப் போகும் நேரத்தில், இவர் கண்ணை மூடாமலே பேசினார். "கடவுளே, இது எனக்குப் புடிக்கல. இவ குரலை எடுத்தது எனக்குக் கொஞ்சமும் புடிக்கல. இதுல என்ன நன்மைன்னு எனக்குத் தெரியல. தெரிஞ்ச மாதிரி பேசிட்டேன்." கடவுளிடம் இப்படிப் பேசிவிட்டோமே என்று அவருக்கே திக்கென்றிருந்தது.

மனைவி மறுபடி உட்கார்ந்தார். அழுதார். சத்தமே இல்லை, தோள் மட்டும் குலுங்கியது. இவருக்கு நாக்கு துறுதுறுத்தது. சொல்வதற்கு ஒரு மூட்டை இருந்தது. கையைப் பிசைந்துகொண்டு சும்மா இருந்தார். தட்டில் சாப்பாடு ஆறிப்போனது.

கடைசியில் மனைவி முகத்தைத் துடைத்துக்கொண்டு ஏதோ சொன்னார். உதடு அசைந்தது தெரிந்தது, வார்த்தை எட்டவில்லை. வெயில் காலம், தலைக்கு மேலே மின்விசிறி கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. இவர் எழுந்துபோய் அதை நிறுத்தினார். நாற்காலியை மனைவி பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்து, காதை அவர் உதட்டருகே கொண்டுபோனார்.