ஒரகடம் ரோடு குலுக்கிய நாவல் பழம்

ரோட்டோரம் வண்டி போட்டுப் பிழைத்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை: சரக்கு நன்றாக இருந்தால் மட்டும் போதாது, "இது என்னது?" என்று கேட்கிற ஒவ்வொருவருக்கும் முகம் கோணாமல் பதில் சொல்லவும் வேண்டும்.

பைக்கிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தபோது நான் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கான்ட்ராக்ட் தொழிலாளி. கட்டு பிரிப்பதற்குள் கான்ட்ராக்ட் முடிந்துவிட்டது. எலும்பு சேர்ந்தது, வலு சேரவில்லை. கோவில்பட்டியிலிருந்து அண்ணன் போன் போட்டார். "ஆடி வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள ஒரு வழி தெரியலன்னா நானே வந்து கூட்டிட்டுப் போயிருவேன்." போனால் அவர் மளிகைக் கடையில் ஒரு ஸ்டூலில் உட்கார வைத்துச் சோறு போடுவார். அதை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போவதில்லை என்று முடிவு செய்தேன்.

தீக்குச்சிக்குத் தடை

கம்பெனி பஸ் நிற்கிற இடத்தையெல்லாம் டீக்கடையும் பஜ்ஜிக்கடையும் பிடித்துவிட்டிருந்தன. காலியாகக் கிடந்தது பென்னலூர் அருகே ஒரு பெட்ரோல் பங்க்கின் ஓரம் மட்டும். ஏன் காலி என்பது மேனேஜரைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. அடுப்பு கூடாது, ஸ்டவ் கூடாது, ஊதுபத்திகூடக் கூடாது.

நான் விடவில்லை. மாடு வைத்திருந்த ஓர் அம்மாவிடம் கெட்டித் தயிர் வாங்கி ஐஸ் பெட்டியில் வைப்பது, நாவல் பழத்தைச் சர்க்கரையோடு மசித்து அதன் தலையில் ஊற்றுவது என்று திட்டம் சொன்னேன். அக்னி நட்சத்திரம் முடிந்தும் வெயில் குறையவில்லை, ஏரிக்கரை மரங்களில் பழம் உதிர்ந்துகொண்டிருந்தது. மேனேஜர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நெருப்பு வெக்காதன்னுதான்பா சொன்னேன். வியாபாரமே பண்ணாதன்னா சொன்னேன்?"

உப்பு

முதல் வாரம் தின்றவர்கள், மேலண்ணத்தில் ஒட்டிய நாக்கைப் பிரித்தெடுக்கப் படாதபாடு பட்டார்கள். அத்தனை துவர்ப்பு. சர்க்கரையைக் கூட்டிக்கொண்டே போனேன். இனிப்பான துவர்ப்பு கிடைத்தது.

வெல்டிங் லைனில் இருந்த தூத்துக்குடிக்காரர் ஒருவர் ஒரு வாய் தின்றார், கப்பை வைத்தார், எதிரில் இருந்த சாப்பாட்டுக் கடைக்கு நடந்தார். அவ்வளவுதான், போய்விட்டார் என்று நினைத்தேன். கை நிறைய உப்போடு திரும்பி வந்து, என்னைக் கேட்காமலே பாத்திரத்தில் போட்டுக் கிளறினார். சுருக்கென்று கோபம் வந்தது எனக்கு. ஒரு கரண்டி வாயில் வைத்ததும் கோபம் போன இடம் தெரியவில்லை. கிளம்பும்போது அவர் சொன்னார்: "நவ்வாப் பழத்த உப்பில்லாம தின்ன வெச்சிட்டு, கடைக்குக் கூட்டம் வரலன்னு வானத்தப் பாத்து உக்காந்திருக்கீங்களே."

பின் சீட்டுப் பயணி

அடுத்த சங்கடம் கொட்டை. மிக்ஸியில் போட்டால் அதுவும் அரைபட்டுக் கசந்தது. மூடி போட்ட தூக்குவாளியில் பழம், சர்க்கரை, உப்பு மூன்றையும் போட்டுக் குலுக்கினால் சதை தானாகக் கழன்று வரும். ஆனால் குலுக்க மணிக்கட்டு வேண்டுமே.

ஒரகடத்துக்குக் கம்பெனி பஸ் ஓட்டும் ஏகாம்பரம், காலையில் டீசல் போட வந்தவர், நான் இடது கையால் தடுமாறுவதைப் பார்த்தார். வாளியை வாங்கித் தன் பஸ்ஸின் பின் சீட்டுக்கு அடியில் கட்டினார். அந்த ரோட்டில் அப்போது தார் குறைவு, பள்ளம் அதிகம். மதியம் ஷிப்ட் முடிந்த ஆட்களோடு வாளியும் வந்து இறங்கியது. திறந்தால் கொட்டை தனி, சதை தனி, கருநீலச் சாறு மேலே. ஜல்லிக் கரண்டியால் கொட்டையை அள்ளிப் போட்டுவிட்டுத் தயிர்மேல் ஊற்ற ஊற்றக் காலியானது. அன்றிலிருந்து தினமும் வாளிக்கு பஸ் பயணம்தான். ஏகாம்பரம் சொன்னார்: "இத்தினி வருசமா இந்த ரோட்ட திட்டிக்கினு கீறேன். இப்பத்தான் அதுக்கும் ஒரு வேல கெடச்சிது."

நுரைத்த நாள்

ஒரு நாள் பஸ் பிரேக்டவுன். மறுநாள் மதியம் வந்த வாளியைத் திறந்தபோது புஸ்ஸென்று சத்தம், மேலே ஒரு விரல் கனத்துக்கு நுரை. வெயிலில் கிடந்து புளித்துவிட்டது. கூட்டம் காத்து நின்றது, கையில் வேறு சரக்கு இல்லை. விற்றிருக்கலாம், மனசு வரவில்லை. பங்க்குக்குப் பின்னால் கொட்டத் தூக்கியபோது, கம்பெனியின் பெயின்ட் ஷாப் ஆள் ஒருவர் ருசி பார்க்க ஒரு கப் பிடுங்கிக் குடித்தார். மீதியைக் கொட்டிவிட்டேன். இரண்டு நாள் கழித்து அவர் மட்டும் தனியாக வந்து காதருகே கேட்டார்: "அண்ணே, அந்த பஸ் மறுபடி எப்ப ரிப்பேராகும்?"

புது ரோடு

ஆடி பிறந்ததும் அண்ணன் வந்துவிட்டார், இரவு பஸ்ஸுக்கு இரண்டு டிக்கெட்டோடு. வண்டிக்குப் பக்கத்தில் பையை வைத்துக்கொண்டு நின்றார். நல்ல வியாபாரத்தைக் காட்டி அவர் வாயை அடைத்துவிடலாம் என்று நானும் தைரியமாக இருந்தேன்.

மதியம் வாளி வந்தது. திறந்தால் காலையில் போட்ட பழம் போட்டபடியே முழுசு முழுசாகக் கிடந்தது. ராத்திரியோடு ராத்திரியாக ஒரகடம் ரோட்டுக்குப் புதுத் தார் போட்டுவிட்டார்களாம். ஏகாம்பரம் என் முகத்தைப் பார்க்கவில்லை. வரிசை வளர்ந்துகொண்டிருந்தது. "மூடி வையி, கெளம்பலாம்" என்றார் அண்ணன்.

வாளியை நெஞ்சோடு அணைத்து இரண்டு கையாலும் குலுக்கினேன். மணிக்கட்டிலிருந்து தோள் வரை வலி இழுத்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பாதி வலி, பாதி ஆத்திரம். "வெச்சிருலே" என்றார். நிறுத்தவில்லை. சதை கழலத் தொடங்கியது கைக்கே தெரிந்தது. வரிசையில் ஒருவரும் நகரவில்லை.

அண்ணன் வாட்ச்சைக் கழற்றிப் பையில் போட்டார். என் கையிலிருந்து வாளியைப் பிடுங்கி, சட்டையில் சாறு தெறிக்கத் தெறிக்கக் குலுக்கினார். கடைசிக் கப் வரை பக்கத்திலேயே நின்று ஊற்றிக் கொடுத்தார். எல்லோரும் போன பிறகு கை துடைத்தபடி, என்னைப் பார்க்காமல் கேட்டார்: "ஏலே, ரெண்டு டிக்கெட்ல ஒண்ண மட்டும் கேன்சல் பண்ண விடுவானா?"

நல்ல ரோடு வந்தால் நாலு பேர் பிழைப்பார்கள் என்கிறார்கள், உண்மைதான். ஆனால் அதற்கப்புறம் அவரவர் வாளியை அவரவரேதான் குலுக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.