பால் காய்ச்சின வாடகை வண்டி

வாடகைக்கு எடுத்த வண்டியின் சில்லுகளுக்குக் கீழே என் மனிசி தேசிக்காய் வைத்தா. வண்டி கொடுக்கிற இடத்தில் நின்ற வெள்ளைக்காரி குனிந்து நாலையும் பொறுக்கினாள். தன் சட்டையில் துடைத்து, உங்களுடையது விழுந்துவிட்டது என்று இங்கிலிசில் சொல்லி மனிசியின் கையிலேயே கொடுத்தாள். மனிசி "தாங்க்யூ" என்று வாங்கிக்கொண்டா. மகன் குகன் அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தான். "வாடகை வண்டிக்கு ஏனம்மா தேசிக்காய்?" அதைப் பிழிந்து வழியில் குடித்தோம். தேசிக்காய் நசியாமல் வெளிக்கிட்ட பயணம் அது. போகும்போது ரொறன்ரோவின் ரூஜில் ஒரு வீட்டில் ஐந்து பேர் இருந்தோம். திரும்பி வந்தது இரண்டு பேர். ஒருவரும் சாகவில்லை.

ஊரில் இருந்து படிக்கிறவர்களுக்கு ஆர்வி என்றால் என்ன என்று சொல்லவேண்டும். லொறி அளவு வண்டி. உள்ளுக்குள்ளேயே அடுப்பு, கட்டில், குளிர்ப்பெட்டி, கக்கூஸ் எல்லாம் இருக்கும். இங்கே சனம் காசு கொடுத்து அதில் அலையும். ரொறன்ரோவில் இருந்து பிளேனில் அமெரிக்காவின் பீனிக்சுக்குப் போய் அங்கே வண்டி எடுத்தோம். அரிசோனா, யூட்டா எல்லாம் வனாந்தரம். மண் சிவப்பு. நாள் முழுக்க ஓடினாலும் அதே மண்தான். ஆளைவிட உயரமான கள்ளிகள் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கும். பேத்தி ஆரபி அவை ஹாய் சொல்லுதாம் என்றாள். எனக்கு ஆமி செக்பொயின்ரில் இறக்கிவிட்ட சனம் மாதிரி இருந்தது. சொல்லவில்லை. குகன் வண்டியை ஓடிக்கொண்டே, "பாருங்கோ அப்பா, எங்க விருப்பமோ அங்க நிக்கலாம்" என்றான். ஓம் என்றேன்.

அவனுக்கு நாலு வயதில் நாங்கள் வீட்டோடு போயிருக்கிறோம். ஊரை விட்டு வன்னிக்குள் போய் ஒரு கொட்டில் போட்டோம். ஷெல் கிட்ட வரத் தொடங்கினதும் தகரத்தையும் கதவையும் கழற்றி உழவு மெசின் பெட்டியில் ஏற்றினோம். அடுத்த இடத்தில் இறக்கிப் பூட்டினோம். பிறகு அங்கேயும் கழற்றினோம். கதவின் தலைப்பக்கத்தை நான் பிடிப்பேன், கால்பக்கத்தை மனிசி பிடிப்பா. குகன் பெட்டிக்குள் தகரத்துக்கு மேலே சாக்கு விரித்துப் படுத்திருப்பான். அவனுக்கு அது வேறு விதமாக ஞாபகம் இருக்கிறது. மருமகள் தாரா ஒருநாள் கேட்டபோது, வானத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன், கேம்பிங் மாதிரி இருந்தது என்று சொன்னான். பிள்ளைக்கு நல்ல ஞாபகம் இருந்தால் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கனடா வந்து ரொறன்ரோவின் பார்க்டேலில் ஒரு அறையில் இருந்தோம். நான் பேக்கரியில் பாண் அடுப்புக்கு முன்னால் நின்றேன், மனிசி ஹோட்டலில் கட்டில் விரித்தா. பிறகுதான் ரூஜில் வீடு. திறப்பு வாங்கின அன்று வாசல் கதவைத் தட்டிப் பார்த்தேன். பாரமான கதவு. இதை இனிக் கழற்றத் தேவையில்லை என்று நினைத்தேன்.

ஆர்விகள் நிற்பாட்டுகிற ஒரு வளவில் பக்கத்து வண்டிக்காரன் கிழவன். மனிசியும் நாயும் அவனும். வீட்டை விற்றுப்போட்டு வண்டியிலேயே இருக்கிறார்களாம். நான் எனக்குத் தெரிந்த இங்கிலிசில் கேட்டேன், யார் உங்களை வீட்டை விட்டுக் கலைத்தது என்று. அவனுக்கு விளங்கவில்லை. ஒருவரும் கலைக்கவில்லை, வாழ்க்கையில் செய்த நல்ல காரியம் இதுதான் என்றான். உனக்கு எது வீடு என்று கேட்டான். ரொறன்ரோ என்றேன். அதற்கு முதல்? அதற்கு முதல் கனக்க வீடு என்றேன். முதுகில் தட்டி, அப்ப நீயும் எங்கட ஆள்தான் என்று சிரித்தான். பியர் ஒன்று தந்தான். வாங்கினேன். அவன் கூடாத மனிசன் இல்லை. ஆனால் அந்தப் பியரைத் திறக்காமலே குளிர்ப்பெட்டியில் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை விடிய மனிசிக்குப் பால் தேத்தண்ணி வேண்டும். வண்டியோடு தந்த சட்டிகளை அவ தொடமாட்டா. யார் யார் அதில் மாடு காய்ச்சினார்களோ. தாராவின் சூட்கேசைத் திறந்து பார்த்திருக்கிறா. ஒரே வீட்டில் இருக்கிற எங்களுக்குள் கேட்டு எடுக்கிற பழக்கம் இல்லை. துவாயில் சுற்றின புது சில்வர் பானை இருந்தது. ஒட்டின ஸ்ரிக்கர்கூட உரிக்கவில்லை. கழுவி, பாலை விட்டு, அடுப்பில் வைத்துவிட்டு வெளியே வந்து முகம் கழுவினா. திரும்பிப் போகப் பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்திருந்தது. நல்ல சகுனம் என்று என்னிடம் சொன்னா. அந்த நேரம் தாரா எழும்பி வந்தாள். பானையைப் பார்த்தாள். அப்படியே படியில் இருந்துவிட்டாள்.

"அது வீட்டுக்கு வாங்கினது மாமி."

"எந்த வீட்டுக்குப் பிள்ளை?"

தாரா குகனைப் பார்த்தாள். குகன் வெளியில் தண்ணிக் குழாயை வண்டிக்குப் பூட்டிக்கொண்டு நின்றான். பூட்டின குழாயைத் திரும்பவும் கழற்றிப் பூட்டினான். பிறகுதான் சொன்னான். பீனிக்சில் வேலை கிடைத்திருக்கிறது. வீடும் வாடகைக்கு எடுத்தாயிற்று. இந்தப் பயணத்தின் கடைசி நாள் அங்கே போய்ப் பால் காய்ச்சிவிட்டு எங்களுக்குச் சொல்ல இருந்தார்களாம். இடத்தைக் கண்டால் எங்களுக்குப் பிடிக்கும் என்று நினைத்தார்களாம். வனாந்தரம் முழுக்கக் காட்டினது அதற்குத்தான். ஆரபிக்குக்கூடத் தெரிந்திருந்தது. ஆறு வயதுப் பிள்ளை வாய் திறக்கவில்லை. அது எங்கள் குடும்பத்துப் பழக்கம்தான்.

அன்று முழுக்க வண்டிக்குள்தான். வீடு ஓடிக்கொண்டிருக்கிறது, உள்ளுக்குள் ஐந்து பேர், போய் ஒதுங்க ஒரு அறை இல்லை.

பீனிக்சில் அந்த வீட்டைப் பார்த்தோம். நல்ல வீடுதான். முற்றத்தில் புல்லுக்குப் பதில் கல்லுப் பரவி இருந்தது. தாரா இந்தியன் கடையில் வேறு பானை வாங்கினாள். மனிசியைத்தான் காய்ச்சச் சொன்னாள். அவ காய்ச்சினா. பால் எந்தப் பக்கம் வழிகிறது என்று எல்லோரும் எட்டிப் பார்த்தோம். எது கிழக்கு என்று எங்களுக்குத் தெரியவில்லை. தாரா போனை எடுத்துத் திசை பார்த்தாள். கிழக்குத்தான் மாமி என்றாள்.

குகன் எங்களைக் கீழ் அறைக்குக் கூட்டிப்போனான். பேஸ்மன்ற் இல்லை, வெளிச்சமான அறை. கனடாப் பாஸ்போட்டில் வருசத்துக்கு ஆறு மாதம் இங்கே நிற்கலாம், ஆறு மாதம் ரொறன்ரோ. குளிர் தொடங்க வாங்கோ, பனி கரையப் போங்கோ. வெள்ளைக்காரர் எல்லாம் அப்படித்தான் இருக்கினம் என்றான். நான் ஜன்னலைப் பார்த்தேன். மனிசிதான் வாய் திறந்தா.

"எனக்கு இனி வீடு தூக்க ஏலாது, தம்பி."

"நீங்கள் ஒண்டும் தூக்கத் தேவையில்லை அம்மா. சாமான் ஏத்த மூவர்ஸ் வருவாங்கள்."

அவன் என்னைப் பார்த்தான்.

"அங்க இருந்து தனிய என்ன செய்யப்போறியள் அப்பா?"

"இருக்கப்போறம்."

வண்டியைத் திருப்பிக் கொடுக்கையில் அதே வெள்ளைக்காரி நின்றாள். அடுப்பில் கருகின பாலைக் காட்டி, சுத்தம் செய்யாமல் எடுக்க மாட்டேன் என்றாள். நானும் மனிசியும் ஆளுக்கொரு பக்கம் நின்று தேய்த்தோம். ஒரு இடத்தில் கறை போகவில்லை. பரவாயில்லை என்று விட்டுவிட்டாள். இப்ப யாரோ அதில் சமைத்துக்கொண்டு எங்கேயாவது போய்க்கொண்டிருப்பார்கள்.

அவர்கள் மூன்று பேரும் பீனிக்சிலேயே நின்றுவிட்டார்கள். முதல் பானையைத் தாரா எங்களிடமே தந்துவிட்டாள். பாவித்த பானை புது வீட்டுக்கு ஆகாது. அது ரூஜில் எங்கள் அடுப்பில் இருக்கிறது. வன்னியில் நாங்கள் இருந்த ஒரு கொட்டிலுக்கும் பால் காய்ச்சவில்லை. பார்க்டேல் அறைக்கும் இல்லை. திருப்பிக் கொடுத்த வண்டிக்குக் காய்ச்சியிருக்கிறோம். குளிர் தொடங்கிவிட்டது. குகன் ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் வந்து எப்ப வாறியள் என்று கேட்பான். ஆரபி அவன் தோளுக்குப் பின்னால் நின்று கள்ளி மாதிரி இரண்டு கையையும் தூக்கிக் காட்டுவாள். நானும் தூக்குவேன். போனை வைத்த பிறகு மனிசி அந்தப் பானையில் தேத்தண்ணிக்குப் பால் வைப்பா. ஐந்து பேருக்கு அளவான பானை. இரண்டு பேருக்கு விடுகிற பால் அடியில்தான் கிடக்கும். பொங்கினாலும் விளிம்புக்கு வராது.