ஏழு வீட்டு அரிசியும் இரண்டு பேர் எடையும்

ஜெர்மனியில் நான் வேலை செய்யும் ரொட்டிக்கடையில் மூன்று வருடமாக என் எடையைப் பற்றி யாரும் வாய் திறந்ததில்லை. சேர்ந்தபோது ஐம்பத்தாறு கிலோ, போன வருடம் எண்பத்திரண்டு. கூட வேலை செய்யும் பெண்மணி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கழுத்தில் சுற்றிய துண்டு அழகாக இருக்கிறது என்பார். டாக்டரம்மாகூட, "உங்கள் எடையைப் பற்றிப் பேச அனுமதி உண்டா?" என்று கேட்டார். ஏதோ ஆபரேஷனுக்குச் சம்மதம் கேட்கிறார் என்று நினைத்து நடுங்கிப்போனேன். ஜவ்வாது மலையடிவாரத்தில், எங்கள் சந்தவாசலில், நான் பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் பூக்காரம்மா அனுமதி கேட்காமலே பேசி முடித்திருப்பார்.

பெண் பார்க்க வந்த அன்று நான் நாற்பத்தோரு கிலோ. "ஒடம்புல ஒண்ணுமே இல்லியே, புள்ள எங்க நிக்கும்?" என்று என் கணவர் அருளின் அம்மா, அதாவது என் அத்தை, என் காதுபடவே கேட்டார். எனக்கு அப்போது மாதவிலக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான். ஆக, அத்தை சொன்னதில் உண்மை இருந்தது. அந்தப் பெருமையை அவருக்கே கொடுத்துவிடுகிறேன். வேர்க்கடலையும் வெல்லமுமாகக் கொடுத்துக் கல்யாணத்துக்குள் தேற்றினார்கள், மாதவிலக்கும் ஒழுங்குக்கு வந்தது. பிறகு ஜெர்மனி, குளிர், வெண்ணெய். மாதவிலக்கு மறுபடியும் தாறுமாறானது.

இங்கே குழந்தை நிற்காதவர்களுக்கென்று இருக்கும் மருத்துவமனைக்கு ‘கிண்டர்வுன்ஷ்’ என்று பெயர். குழந்தை ஆசை என்று அர்த்தம். எடை மிகவும் குறைந்தாலும் கூடினாலும் கருமுட்டை வெளிவருவது தடுமாறும், கொஞ்சம் இறக்கினாலே சரியாக வாய்ப்புண்டு என்று டாக்டரம்மா விளக்கினார். அடுத்து அருளைப் பார்த்து எடை மெஷினைக் காட்டினார். "எனக்கு எதுக்கு? நான் சும்மா தொணைக்கு வந்தேன்" என்று அவர் தமிழில் முனக, டாக்டரம்மா எல்லாம் புரிந்ததுபோல் தலையாட்டி, ஷூவைக் கழற்றினால் போதும், சட்டையைக் கழற்ற வேண்டாம் என்று ஆறுதல் சொன்னார். நூற்றாறு கிலோ. பரிசோதனையில் விந்தணுக்களும் குறைவு. ஆண்களையும் எடை சும்மா விடாதாம். வெளியே வந்ததும் அருள் சொன்ன முதல் வார்த்தை, "அம்மாக்குத் தெரிய வேணாம்."

நான்கு மாதம் ரொட்டித் துண்டை எண்ணித் தின்று, ஆறு கிலோ இறக்கி, லீவில் அருளோடு ஊருக்குப் போனேன். அத்தை மாதாவுக்கு மடிப்பிச்சை நேர்ந்து வைத்திருந்தார். ஏழு வீட்டு வாசலில் முந்தானையை ஏந்தி அரிசி வாங்கி, அதைப் பொங்கி, குழந்தை வேண்டுகிறவள் சாப்பிட வேண்டும். அத்தை என்னோடு நடக்க, அருள் பைக்கில் பின்னாலேயே வந்தார், அரிசிப் பையைச் சுமக்க. ஆறாவது வீட்டில் மலைச் சாமை கொடுத்தார்கள். ஏழாவது வீட்டு அம்மா, "இவ்ளோ ஒடம்ப வெச்சினு இருந்தா எப்பிடிமா புள்ள நிக்கும்? கொறைக்கக் கூடாதா?" என்று கேட்டுக்கொண்டே இரண்டு படி கூடுதலாகப் போட்டார். பெட்ரோல் டேங்க் மேல் தொப்பையைச் சாய்த்து உட்கார்ந்திருந்த அருளைப் பார்த்து, "தம்பி நல்லா கீது" என்று மகிழ்ந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "நீங்களும் துண்ட ஏந்துங்க. டாக்டர் ரெண்டு பேரையும்தான சொன்னாங்க" என்றேன்.

"இன்னா பேச்சு இது?" என்றார் அத்தை. "ஆம்பள எங்கனா மடிப்பிச்ச எடுப்பானா? அவனுக்கு இன்னா கொற?"

அத்தையும் நானும் அருளைப் பார்த்தோம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், என் மேல் இருந்த பாரத்தில் பாதி இறங்கியிருக்கும். "வெயில் ஏறுது, ஒக்காரு" என்று அவர் பைக்கைக் கிளப்பினார். அன்று அந்தப் பொங்கலை அழுதுகொண்டே தின்றேன். பக்தியில் அழுகிறேன் என்று அத்தை நினைத்துக்கொண்டார். எனக்கு வந்தது ஆத்திரம்.

திரும்பும் விமானத்தில் அருள் என் கையைப் பிடித்தார். "அங்கயே சொல்லியிருக்கணும், தப்புதான். எறங்குனதும் அம்மாக்கு ஃபோன்ல சொல்லிட்றேன்." ஜன்னலுக்குக் கீழே கடலா பாலைவனமா தெரியவில்லை. எந்த ஊர் மண்ணும் காலில் படாத இடத்தில் அவருக்கு உண்மை சரளமாக வந்தது.

இறங்கி எட்டு மாதமாகிறது. அவர் நூறுக்குக் கீழே வந்துவிட்டார், எனக்கும் மாதம் தவறுவதில்லை. ஞாயிறு மதியம், ஊரில் பொழுது சாயும் நேரம், அத்தை வீடியோவில் வருவார். "இன்னாடா இப்பிடி எளைச்சிப் போய்ட்ட? அவ சோறு ஆக்குறாளா இல்லியா?" என்பார்.

அருள் ஃபோனை என்னிடம் நீட்டுவார்.