வாங்கோ என்று சொல்லாத அம்மா

"இரத்தக்காட்டேரி கதவைத் தட்டுது அப்பா. 'வாங்கோ' எண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ. கூப்பிட்டாத்தான் அது உள்ள வரும்" என்றாள் மகள். அவளுடைய வீடியோ கேமில் விடியும்வரை உயிரோடிருக்க அதுதான் முதல் விதியாம். கொன்ட்ரோலர் என் கையில் இருந்தது. திரையில் மறுபடியும் கதவு தட்டப்பட்டது.

1996 வைகாசி, ஒரு ஞாயிறு காலை. கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் மாடி வீடு. கரையோர ரயிலின் இரைச்சல் அடங்கியதும் கதவு தட்டும் சத்தம் கேட்டது. சோதனைக்கு வந்த ஆமிக்காரர்கள் துவக்குகளோடு வாசலில் நின்றார்கள். அம்மா ஊர்ப் பழக்கத்தில், கடைகளில் பழகிய சிங்களத்தில், "வாங்கோ, வந்து இருங்கோ" என்று கூப்பிட்டார். தேநீருக்குக் கேத்தலையும் அடுப்பில் வைத்தார். குசினியில் புட்டுக்குத் தேங்காய் திருவிக்கொண்டிருந்த சின்ன மாமாவை, விரல்களில் ஒட்டிய தேங்காய்ப்பூவோடு கொண்டுபோனார்கள். மாமா திரும்பி வரவே இல்லை.

"வாசலில வைச்சே கதைச்சு அனுப்பியிருக்கலாம். ஏன் உள்ள கூப்பிட்டனீ?" அப்பா ஒரேயொரு தடவைதான் கேட்டார்.

"வீட்டுக்கு வந்தவையை வாங்கோ எண்டு சொல்லாம விடுறதே?" என்றார் அம்மா.

அதன்பிறகு அவர் யாரையும் அப்படி அழைத்ததில்லை. சொந்தக்காரர் வந்தாலும் கதவைத் திறந்துவிட்டுப் பேசாமல் ஒதுங்கி நிற்பார். என் கல்யாணத்தன்று மண்டப வாசலில் பன்னீர்ச்செம்போடு நின்றபோதும் வாய் திறக்கவில்லை.

"ஏனப்பா கொன்ட்ரோலரைக் கீழ வைச்சிட்டீங்கள்? பயப்படாதேங்கோ, கூப்பிடாட்டி அது வராது" என்றாள் மகள்.

அம்மாவும் சாகும்வரை அப்படித்தான் நம்பியிருந்தார்.