போனில் சொல்லக் கூடாத சீமெந்து

என் இடது முழங்காலில் மாற்று மூட்டு வைத்துச் சில மாதங்களிலேயே உள்ளே சீழ் பிடித்துவிட்டது. பொரளையில் பார்த்த எலும்பு டொக்டர் எதையும் மூடி மறைக்காதவர்.

"வைச்ச மூட்டைக் கழட்டி, அந்த இடத்தில மருந்து கலந்த சீமெந்து வைக்கவேணும். மருந்து அதிலயிருந்து கொஞ்சங் கொஞ்சமாக் கசிஞ்சு கிருமியைக் கொல்லும். பிறகு புது மூட்டு. இல்லாட்டி காலை மறக்கவேண்டியதுதான்."

அந்தச் சீமெந்து அப்போது கொழும்பில் கிடைக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்க வேண்டும்.

காலை மறக்க எனக்கு எங்கே நேரம்? யுத்த காலம். வெள்ளவத்தையில் ஒரு தமிழ் ஆண் சந்திக்குப் போய்ப் பாண் வாங்கி வருவதே பெரும்பாடு. என் கணவரோ ஆமி மறித்துச் சோதிக்கும் சென்றியைக் கண்டாலே சிங்களம் மறந்து, அடையாள அட்டையைத் தலைகீழாக நீட்டுகிறவர். வீட்டிலுள்ள தமிழர் பெயர்களைப் பொலிசில் பதிவது, சந்தை, வங்கி எல்லாம் நான்தான். என் கால் போனால் அவர் வெளியே இறங்க வேண்டும். எனக்குப் பயம் அதுதான், வலி அதற்குப் பிறகுதான்.

லண்டனில் இருந்த என் தம்பிக்குக் கணவர் போன் எடுத்தார். வடக்கே சீமெந்து கொண்டுபோகத் தடை. இயக்கக்காரர் அதைக் கொண்டு பதுங்குவதற்குப் பங்கர் கட்டிவிடுவார்களாம். போனை யாராவது ஒட்டுக்கேட்டால்? ஆகவே அந்தச் சொல்லை வாயில் எடுக்காமலே மனுஷன் கதைத்து முடித்தார்.

"அக்காவின்ரை முழங்காலுக்குப் போடுற சாமான். உமக்கு விளங்கும்தானே?"

தம்பிக்கு நன்றாகவே விளங்கியது. தெரிந்தவர் கையில் பார்சல் வந்தது. பிரித்தால், கம்பளியில் பின்னிய முழங்கால் உறைகள். நல்ல காலுக்கும் சேர்த்து ஒரு சோடி!

காய்ச்சலோடு எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. அடுத்த முறை போனை நானே பறித்துக்கொண்டேன்.

"தம்பி, சீமெந்து! மருந்து கலந்த சீமெந்து! பேரை எழுத்தெழுத்தாச் சொல்லுறன், எழுது."

"ஐயோ, சத்தம் போடாதையும்" என்று கணவர் இரண்டு கைகளையும் ஆட்டினார்.

"கேக்கிறவன் கேக்கட்டும். என்ரை முழங்காலுக்குள்ள பங்கர் கட்டப் போறன் எண்டு எழுதி வைக்கட்டும்!"

யாரும் தேடி வரவில்லை. சீமெந்துதான் வந்தது, கொஞ்சம் மாவும் ஒரு குப்பித் திரவமுமாக. ஒப்பரேஷன் மேசைக்குப் பக்கத்தில் குழைத்து வைத்தார்களாம். வாரக்கணக்கில் அந்தக் கால் மடங்காமல் விறகுக் கட்டைபோல் கிடந்தது. கிருமி அடங்கியதும் புது மூட்டு வைத்தார்கள். பயிற்சி தந்த பிள்ளை "போதும் அன்ரி" என்று கெஞ்சும்வரை மாடிப்படியில் ஏறி இறங்கினேன். நடப்பேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

நடக்கத் தொடங்கிக் கொஞ்ச நாளில், ஒரு விடியற்காலை ஆமியும் பொலிசும் சுற்றிவளைப்பு. எங்கள் மாடிக் கட்டடத்து ஆண்களோடு கணவரையும் ட்ரக்கில் ஏற்றிக்கொண்டு போனார்கள். தெருவில் ஒரு ஆட்டோகூட ஓடவில்லை. பதிவுத் துண்டை எடுத்துக்கொண்டு பொலிசுக்கு நடந்தேன். நிற்கச் சொன்னார்கள், நின்றேன். "மாத்தயா, மாத்தயா" என்று எனக்குத் தெரிந்த சிங்களம் முழுவதையும் கொட்டினேன். மத்தியானம் தாண்டி அவரை விட்டார்கள்.

காலி வீதியால் திரும்பி வந்தோம். அவர் என் கையைப் பிடித்திருந்தார். கல்யாணம் முடித்த காலந்தொட்டு ரோட்டில் அவர் என் கையைப் பிடித்ததில்லை. கொஞ்சத் தூரம் போனதும் மூச்சு வாங்கி நின்றார்.

"கொஞ்சம் மெல்ல நடவுமன்" என்றார். "எனக்குக் கால் ஏலாமல் கிடக்கு."