அழுகிறவர்கள் வெங்காயம் உரிக்கவும்

எனக்கு ஒன்பது வயதில் ரத்தப் புற்றுநோய் வந்தது. அந்த வருஷம் மாடம்பாக்கத்தில் எங்கள் வீட்டில் நாங்கள் சாப்பிட்ட அளவுக்கு வெங்காய சாம்பாரை எந்தக் கல்யாண மண்டபத்திலும் பரிமாறியிருக்க மாட்டார்கள். எல்லாம் மாமாவின் வேலை.

என்னைப் பார்க்க வருகிறவர்கள் கை கழுவி, மாஸ்க் மாட்டிக்கொண்டு ஒழுங்காகத்தான் உள்ளே வருவார்கள். என் மொட்டைத் தலையைக் கண்டதும் போச்சு! கீழ்க்கட்டளை அத்தை "ஐயோ, என் செல்லமே" என்று ஆரம்பித்தால், நான்தான் எழுந்துபோய் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவர வேண்டியிருக்கும். ஊசியெல்லாம் எனக்குப் பழகிவிட்டது. இந்த அழுகைதான் பழகவே இல்லை. ஒருநாள் மாமாவிடம் கேட்டேவிட்டேன். "எல்லாரும் அழறாங்களே மாமா, நான் செத்துடுவேனா?"

மாமா அம்மாவின் தம்பி. மேற்குத் தாம்பரத்தில் செல்போன் கடையில் வேலை. வாய் ஓயாத மனுஷன். "ச்சீ, லூசு! வேல வெட்டி இல்லாம அழுதுகினு கீறாங்க. ஒரு வேல குடுத்தா சரியாப் பூடும், வுடு" என்றார்.

மறுநாள் ஒரு மூட்டை சின்ன வெங்காயம் வந்து இறங்கியது. அதன்பிறகு யாருக்காவது உதடு துடித்தால் போதும், மாமா தோளில் கைபோட்டுச் சமையலறைக்குத் தள்ளிக்கொண்டு போய்விடுவார். அப்பாவின் மேனேஜரைக்கூட விடவில்லை. "சார், தப்பா நெனச்சுக்காதீங்க. உள்ள வெங்காயம் கீது, உரிச்சுகினே அழுங்க." பாவம், அவர் டையைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஒரு முறம் நிறைய உரித்தார். திரும்பி வரும்போது எல்லோரும் ஒரே மாதிரி "செம காரம்" என்பார்கள். அப்புறம் கலகலப்பாக என்னோடு லூடோ ஆடுவார்கள். என் கணக்கு டீச்சர் அதில் அழுகுணி ஆட்டம் ஆடினார்.

அப்பாவும் ஆபீஸிலிருந்து வந்ததும் சட்டைகூட மாற்றாமல் உரிக்க உட்கார்ந்துவிடுவார். அம்மாவுக்கு உதவ இப்படி உட்காருகிறாரே, அவள் மேல் என்ன பாசம் என்று எனக்கு ஒரே பெருமை. மாமா மட்டும் ஒரு வெங்காயத்தைத் தொட்டதில்லை. "கை நாறும்" என்று நழுவிவிடுவார். சோம்பேறி மாமா என்று கேலி செய்வேன்.

சிகிச்சையெல்லாம் முடிந்து, ஒருநாள் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "எல்லாம் நல்லா இருக்கு, இனி ஸ்கூலுக்குப் போகலாம்" என்றார். வீட்டுக்கு வந்ததும் அம்மா ஒவ்வொருவருக்காகப் போன் போட்டாள். அப்பா ஸ்வீட் வாங்க ஓடினார். மாமா செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராகச் சமையலறைக்குள் போனார். அன்றைக்கென்று பார்த்து வெங்காயம் தீர்ந்திருந்தது. எட்டிப் பார்த்தேன். மாமா தரையில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"இன்னா மாமா, உருளைக்கிழங்குக்கே இப்படியா?"

"செம காரம் பாப்பா" என்றார்.

பள்ளிக்குத் திரும்பிய அன்று தோழிகளிடம் நான் முதலில் சொன்னது அதைத்தான். உருளைக்கிழங்கிலும் சிலது கண்ணை எரிக்கும், சீவும்போது ஜாக்கிரதை என்றேன்.