லைன் இல்லை, கம்பி இருக்கு

இரண்டு வருடங்களுக்கு முன், பெரும்போக நெல் வேளாண்மை கதிர் தள்ளும் நேரம். மட்டக்களப்பு படுவான்கரையில், வட்டை என்று அங்கே சொல்லும் ஒரு வயல்வெளிக்கு ட்ரோனில் மருந்தடிக்கப் போயிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். பயிற்சிக்குப் பிறகு தனியாகப் போன முதல் வேலை அது. வரம்பில் பத்துப் பேர் வேடிக்கை பார்த்து நின்றார்கள். "புள்ளதான் பறக்க விடப்போகுதாம், தலையப் பாத்துக்கங்க" என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். செய்து காட்டுகிறேன் பார் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டேன்.

பறக்கவிடுமுன் வயலைச் சுற்றி நடந்து பார்க்க வேண்டும் என்பது விதி. நான் சேற்றில் தடுமாறினால் இன்னும் சிரிப்பார்களே என்று, நின்ற இடத்திலிருந்தே, பக்கத்தில் நின்ற அந்த வயலின் வயற்காரரிடம் கரண்ட் லைன் ஏதும் போகிறதா என்று கேட்டேன்.

"லைன் இல்ல மிஸ். கம்பி ஒண்டு கிடக்கு."

வேலிக் கம்பி என்று நினைத்தேன். அவர் கையை உயர்த்தி எதையோ காட்டினார். நான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

இரண்டாவது சுற்றில் ட்ரோன் எதிலோ மாட்டிச் சுழன்று அவர் காலடியில் விழுந்தது. ஒரு முழம் தள்ளியிருந்தால் தலையில் விழுந்திருக்கும். மருந்து அவர் முகமெல்லாம் தெறித்தது. அவர் வாய்க்காலில் கண்ணைக் கழுவும்போதுதான் நான் மேலே பார்த்தேன். யானை வந்தால் இழுத்துத் தகரத்தை அடிக்க, காவல் பரணிலிருந்து மருதமரத்துக்குக் கட்டிய மெல்லிய கம்பி அறுந்து தொங்கியது.

நடந்ததைச் சொன்னதும் எங்கள் நிறுவன மேலாளர் போனில் கத்தினார். வயற்காரர் கம்பியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்றேன். அவர் நனைந்த சட்டையோடு என் பக்கத்தில்தான் நின்றார். மேலாளர் அவரிடம் பேசக் கேட்டார். போனைக் கொடுத்தேன்.

"ஓம் சேர், நான்தான் சொல்ல மறந்திட்டன்."

போனைத் திருப்பித் தரும்போது, "உங்களுக்கு வேல போயிரும். எனக்கென்ன, நாளைக்கும் இந்த வயல்தானே" என்றார்.

நான் நன்றிகூடச் சொல்லவில்லை. தவறு அவருடையது என்று ஆங்கிலத்தில் அறிக்கை எழுதி நீட்டினேன். கண் சிவந்தபடி, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்காமலே கையெழுத்து வைத்தார். அதன்பின் எங்கள் நிறுவனம் அந்த வட்டைக்குப் போகவில்லை. அவரால்தான் என்று மற்ற வயற்காரர்கள் அவரை ஏசுவதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

அந்த அறிக்கையை நான் இன்னும் திருத்தவில்லை. படித்த பிள்ளை என்று யாராவது என்னைப் புகழும்போதெல்லாம், அவர் வாசிக்க முடியாத மொழியில் அவர்மேல் பழி எழுதத்தானே அந்தப் படிப்பு உதவியது என்று கூசிப்போகிறேன்.